பகல்நிலாச் சுனைக்குப் போகும் வழி

நவம்பர் 3, திங்கள்

இந்த டைரியைக் கொடுத்தது எமிலி டீச்சர். திண்டுக்கல்லில் கணக்கு டீச்சர். லீவு விட்டால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு மலையேறி வந்துவிடுவார். அவரைப் போல பதினாலு பேர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். காட்டில் நடப்பது, பூ, பூச்சி, பறவை என்று படம் எடுப்பது, இதுதான் சங்கத்து வேலை. அடுத்த வருஷம் முழுக்க எங்கள் பக்கத்து மலைகளில் நடக்கப் போகிறார்களாம். அதற்கு எல்லோரும் ஒரே வழிகாட்டிப் புத்தகம் வாங்க வேண்டும். கடையில் மூன்று கிடைத்தது, எது நல்லது என்று புரியவில்லை என்று மூன்றையும் என் டீக்கடைக் கல்லாப் பலகையில் வைத்தார்.

"ஐயா, மூணுலயும் உங்க ஊரு குருவிக்கானல் வருது. படிச்சுப் பாத்து, எது நெசம், எது பொய்யின்னு தேதி போட்டு இதுல எழுதி வைங்க. டிசம்பர் ரெண்டாவது சனிக்கிழமை மொத நடை."

"நான் அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சேன் டீச்சர். அதுலயும் பாதி நாள் வெளிய முட்டிபோட்டுத்தான்."

"போதும். பொய் கண்டுபிடிக்க டிகிரி வேணாம்."

என் வீட்டுக்காரி பேச்சி வடைச்சட்டிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினாள். "அதுக்கு இவர விட்டா ஆளே கெடையாது டீச்சர். பாதிப் பொய் இவரு சொன்னதாத்தான் இருக்கும்."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. பால் திரிந்துவிட்டது. புத்தகம் திறக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மூன்றையும் பார்த்தேன்.

பச்சை அட்டை: பூராவும் படம். அட்டையில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. எழுபத்திரண்டு வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன், அந்தப் பறவையை நான் பார்த்ததில்லை. அதுவும் என்னைப் பார்த்திருக்காது. "மலைமக்கள் வெள்ளந்தியானவர்கள்" என்று எழுதியிருக்கிறான். என் கடையில் டீ குடிக்காதவன்.

மஞ்சள் அட்டை: இங்கிலீஷ். எழுத்து தெரியாது, மேப் தெரியும். எங்கள் ஓடையைக் கீழிருந்து மேலே ஓட விட்டிருக்கிறார்கள். அந்த ஓடை அப்படி ஓடினால் எனக்குக் குடம் தூக்கும் வேலை மிச்சம்.

நீல அட்டை: ராயப்பன் என்பவர் எழுதியது. ஆறு வருஷத்துக்கு முன்பு இதே பெஞ்சில் உட்கார்ந்து, நாலு டீ குடித்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போன மனுஷன். அட்டைப்பூச்சி எங்கே ஏறும், காட்டுமாடு எத்தனை மணிக்குத் தண்ணீருக்கு இறங்கும், எந்தப் பாறை வழுக்கும், கடைசி பஸ் எப்போது, காலை வெயில் எந்தப் பூவின் மேல் முதலில் விழும், எல்லாம் சரி. என் டீயைக்கூட 'சுமார்' என்றுதான் எழுதியிருக்கிறார். உண்மையான புத்தகம்.

டீச்சர், நீலத்தையே வாங்குங்கள்.

112ஆம் பக்கத்தைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். பேச்சி கூப்பிடுகிறாள், கேஸ் தீர்ந்துவிட்டதாம்.

நவம்பர் 7, வெள்ளி

112ஆம் பக்கம் இப்படி இருக்கிறது: "ஒட்டகப்பாறை மேட்டைத் தாண்டி, இரட்டைப் பலா மரத்துக்குக் கீழே இறங்கினால் தனியாக ஒரு ஓட்டு வீடு தெரியும். அந்த வீட்டுக்குப் பின்னால் மூடுபனிக்குள் ஒளிந்திருக்கிறது பகல்நிலாச் சுனை. நண்பகலிலும் அதன் அடியில் நிலா தெரியும் என்கிறார்கள். படம் எடுப்பவர்கள் தவறவிடக் கூடாத இடம். அந்த வீட்டுக்காரர் நல்லவர். வழி கேட்கலாம்."

நான் சொன்னது, "அங்கிட்டு ஒரு சொனை இருக்குங்க, பகல்லயே நெலா தெரியும்" என்று ஒரே வரி. அன்றைக்கு மழை, அவர் போய்ப் பார்க்க முடியவில்லை. போட்டோவுக்குப் பதிலாகப் பனியை எழுதிச் சேர்த்துவிட்டார். படிக்கும்போது எனக்கே போக வேண்டும் போலிருக்கிறது.

சுனை கிடையாது. வீடு உண்டு. அது என் தம்பி தவசியின் வீடு. எங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்று பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு விளையாட்டுப் பேச்சில் கோபித்துக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் காப்பித் தோட்டத்தில் போய்க் குடியேறியவன். சும்மா இருப்பவனுக்கு நாலு பேரை அனுப்பிக் கடுப்பேற்றலாமே என்றுதான் ராயப்பனிடம் அப்படிச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை.

நல்ல பலன். புத்தகமும் கேமராவுமாகப் போகிறவர்களை அவன் விரட்டியடிப்பான். திரும்பி வருகிறவர்களைக் கடையில் உட்கார வைத்துக் கேட்பேன். என்ன சொல்லிக் கத்தினான்? என்ன சட்டை போட்டிருந்தான்? கத்தும்போது இருமினானா? ஆள் இளைத்தாற்போல இருந்தானா? ஒழுங்காகச் சொல்கிறவர்களுக்கு ஒரு பஜ்ஜி கூடுதல். எல்லாம் ஒரு சிரிப்புக்குத்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டு, பல மாதம் கழித்து முதல் ஆட்கள். கோயம்புத்தூர்ப் பையன்கள் இரண்டு பேர், நீலப் புத்தகம். சந்தோஷமாக வழி சொல்லி அனுப்பினேன். மூன்று மணிக்கு வந்தார்கள்.

"என்ன சொன்னாரு அந்த வீட்டுக்காரரு?"

"யாருமே இல்லையே தாத்தா. கதவு சாத்தியிருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தோம்."

"கத்தலையா?"

"யாரு கத்தணும்? ஆனா சுனை செம தாத்தா. நிலா அப்படியே அடியில கெடக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடமே வேலையைக் காட்டுகிறார்கள். ஒருவன் கேமராவைத் திருப்பிக் காட்டினான். கண்ணாடி இல்லாமல் என்ன தெரியும்? சாம்பல் நிறத்தில் பனி, கீழே கறுப்பாகத் தண்ணீர், அதற்குள் வெள்ளையாக ஒரு வட்டம். "இது எந்த ஊருல எடுத்ததுடா?" என்றேன். "பேட்டரி மேல சத்தியம் தாத்தா, ஒங்க ஊருதான்" என்றார்கள்.

இந்தக் காலத்துப் பையன்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் கதவு சாத்தியிருந்தது என்பதை எதற்குச் சேர்த்துச் சொன்னார்கள்? விளையாட்டுக்கு அது தேவையில்லையே.

நவம்பர் 10, திங்கள்

மத்தியானம் பெஞ்சில் கண் அசந்தேன். சுனை வந்தது. நான் குனிகிறேன், நிலா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கரையில் தவசி டிரவுசர் போட்டுக்கொண்டு ஏழு வயசுப் பையனாக நிற்கிறான். "கத்துடா" என்கிறேன். வாயைத் திறக்கிறான், பனிதான் வருகிறது.

பேச்சி தட்டி எழுப்பினாள். "யாரக் கத்தச் சொல்றீக?"

"பஸ்ஸ."

நவம்பர் 12, புதன்

சுனை அங்கே நிஜமாகவே இருந்து நான்தான் மறந்துவிட்டேனோ என்று இன்றைக்கு முழுக்க யோசனை. பலா மரம் இரண்டும் நிஜம். ஓட்டு வீடு நிஜம். பனி நிஜம். இத்தனை நிஜத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் எப்படிப் பொய்யாக இருக்கும்? டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டேன். குடித்தவர் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

டீச்சர் போன் செய்தார்.

"என்னய்யா, பாத்தாச்சா?"

"நீலம்தான் டீச்சர். கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

"சங்கத்துலயும் அதத்தான் சொல்றாங்க. எல்லாருக்கும் அந்தப் பகல்நிலாச் சுனை மேலதான் கண்ணு. மொத நடையே அங்கதான். ஆனா ஒண்ணு. அந்தப் பக்கத்துல மட்டும் 'என்கிறார்கள்'னு போட்டிருக்கு. யாரோ சொன்னதக் கேட்டு எழுதினாப்புல இருக்கு. அறுபது வயசுக்கு மேல மூணு பேரு வர்றாங்க. அவங்கள மேடு ஏத்திட்டு அங்க ஒண்ணுமில்லன்னா பாவம். நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

இப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பக்கத்தை அடித்துவிடுவார். ராயப்பனுக்கும் கடிதம் போடுவார், கணக்கு டீச்சர் அல்லவா? அடுத்த பதிப்பில் 112 இருக்காது. அப்புறம் அந்த மேட்டைத் தாண்டி எவன் போவான்?

"ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.

போனை வைத்ததும் பேச்சி கேட்டாள். "போறீகளா?"

"முட்டி வலிக்குது. பாப்போம்."

நவம்பர் 15, சனி

இந்தப் பக்கத்தை டீச்சர் படிக்க வேண்டாம். படித்தாலும் பரவாயில்லை.

விளையாட்டுப் பேச்சு என்று எழுதினேன் அல்லவா? தவசிக்கு ஒரே மகள், செவ்வந்தி. தாயில்லாப் பிள்ளை. அவளைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். நல்ல இடம், பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. எல்லோரும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று, "எங்க செவ்வந்தி தூக்கத்துல எந்திரிச்சு நடப்பா. வாசக்கதவ நல்லாப் பூட்டி வச்சுக்கங்க" என்றேன். என் வீட்டாராக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். தவசி பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப்போய் "அண்ணன் வெளாட்டுக்குச் சொன்னாரு" என்று கையைப் பிடித்துப் பார்த்தான். பெரியப்பனே சொல்கிறான் என்றால் யார் நம்ப மாட்டார்கள்?

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குத் திருப்பூரில் நல்லபடியாகத்தான் முடிந்தது. அதற்கு எனக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

இட்லி அவித்துக்கொண்டே பேச்சி சொன்னாள். "செவ்வந்தி போன் பண்ணா."

"அவ ஒனக்குப் பண்ணுவாளா?"

"எட்டு வருசமாப் பண்றா. அவுக அப்பன் ரெண்டு நாளா போன் எடுக்கலையாம். அங்க சிக்னல் சரியா கெடைக்காது, அதுனாலதான் இருக்கும்னு சொன்னேன். பிள்ளை அழுகுது."

நான் டம்ளர் கழுவினேன். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினேன்.

"நாளைக்கிக் காலைல மேடு ஏறலாம்னு இருக்கேன்" என்றேன். "டீச்சர் அவசரப்படுறாக. புத்தகத்தச் சரிபாக்கணும்."

"சரிபாருங்க."

"112ஆம் பக்கம் மட்டும்தான்."

"ஆமா ஆமா. அந்தப் பக்கத்துக்கு மூட்டுத் தைலமும் கருப்பட்டியும் ரெண்டு நாளுச் சோறும் கட்டி வைக்கிறேன். பக்கம் பசியா இருந்தா குடுங்க."

நவம்பர் 18, செவ்வாய்

தவசி வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

காலையில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். பார்க்கிறவர்கள் வெளியூர் என்று நினைக்கட்டும் என்று பேச்சியின் குல்லாவையும் போட்டுக்கொண்டேன். ஒட்டகப்பாறை வரை ராயப்பன் சொன்னதெல்லாம் அப்படியே வந்தது. மேட்டில் பனி இறங்கிவிட்டது. என் கை எனக்குத் தெரியவில்லை, புத்தகத்தின் நீலம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அஞ்சாறு வருஷமாக இந்த இடத்துக்கு எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் நடந்து போவது போலவும், நான் கடைசி ஆளாகப் போவது போலவும் இருந்தது. பலா மரம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியிலிருந்து வெளியே வந்தன. அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. மூச்சுதான் வாங்கியது, பயம் இல்லை.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட வாய் வரவில்லை. அதனால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

சுனை இருந்தது.

பனிக்கு நடுவில் கறுப்பாக, அசையாமல். நிலா அடியில் கிடந்தது, முழு நிலா. பத்து நிமிஷம் நின்றிருப்பேன். டீச்சர், உங்கள் சங்கத்து ஆட்கள் இதற்குத்தான் இவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் பெற்ற பொய், வளர்ந்து, எனக்கு முன்னால் வந்து படுத்திருந்தது.

பிறகுதான் பக்கத்தில் குவித்திருந்த செம்மண்ணைப் பார்த்தேன். கடப்பாரை, மண்வெட்டி. குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு நிலாவைத் தொட்டேன். திருகைக்கல். எங்கள் அம்மா ராகி அரைத்த கல். வெள்ளைப் பெயிண்ட் அடித்து அடியில் இறக்கியிருக்கிறான்.

"யார்ரா அது, தண்ணியக் கலக்குறவன்!"

வீட்டுக்குள்ளிருந்து கத்தல். இருமல் இல்லை. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தாடி வெள்ளை. என்னைப் பார்த்தான், என் தலைக் குல்லாவைப் பார்த்தான், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"நீயும் போட்டோ எடுக்க வந்தியாண்ணே?"

பதினோரு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை.

"புத்தகம் சரியான்னு பாக்க வந்தேன்" என்றேன்.

"சரியா இருக்கா?"

"இருக்கு. நெலாவுக்குப் பெயிண்ட் லேசா உரியுது."

சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பத்து நாள் முன்பு மண் சுமக்கும்போது வழுக்கி விழுந்தானாம். தோட்டத்துக்கு வருகிற ஆள் கஞ்சி வைத்துக் கொடுத்துப் போகிறார். பையன்கள் வந்து கூப்பிட்ட அன்றைக்கு வலிக்கு மாத்திரை போட்டுத் தூங்கிக் கிடந்திருக்கிறான். போன் மூன்று நாளாகச் சார்ஜ் இல்லாமல் அலமாரி மேலே கிடந்தது, எட்டவில்லை. எடுத்துச் சார்ஜில் போட்டேன். தைலம் தேய்த்தேன். கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏண்டா தோண்டுன?"

"பின்ன? அஞ்சு வருசம் வெரட்டிப் பாத்தேன். கேக்குறியா நீ? மெட்ராசுல இருந்து வாரான், கேரளால இருந்து வாரான். போன மார்ச்ல ஒரு அம்மா, ஒன் வயசு இருக்கும், ஊன்றுகோலோட வந்துச்சு. சொனை இல்லன்னதும் அந்தக் கல்லுல ஒக்காந்துருச்சு. தண்ணி குடிச்சுட்டு, 'பரவால்லப்பா'ன்னு போச்சு. எனக்கு ஒறக்கம் வரல. நம்ம வீட்டு ஆளு சொன்ன பொய்க்கு, ஒரு மனுசி வெறுங்கையோட போகுது. நமக்குத்தான அசிங்கம்?"

நம்ம வீட்டு ஆளு என்றான். வாய் தவறிச் சொல்லிவிட்டான் என்று நினைக்கிறேன். நான் கண்டுகொள்ளாதது போல இருந்தேன்.

நவம்பர் 19, புதன்

தோட்டத்து ஆளும் நானுமாக அவனைக் கட்டிலோடு தூக்கிச் சுனைக் கரையில் வைத்தோம். யாரோ விட்டுப்போன நீலப் புத்தகம் ஒன்று அவனிடமும் இருக்கிறது. எழுத்து தெரியாது, வருகிறவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்திருக்கிறான். அடுத்த பக்கத்தில் ஒரு வரியை நான் கவனிக்கவில்லை. சுனை இருபது அடி நீளமாம். ராயப்பன் கேட்டதற்கு நான்தான் ஏதோ வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன்.

"இப்ப பன்னெண்டு அடிதான்ணே வெட்டியிருக்கேன். மிச்சம் எட்டு. கால் போச்சு."

"போனாப் போகுது. பன்னெண்டு போதும்."

"புத்தகத்துல இருபதுன்னுல்ல போட்டிருக்கு? சொன்னவன் வந்து வெட்டு."

மண்வெட்டியைத் தள்ளிவிட்டான். பேச்சிக்குப் போன் செய்து இரண்டு நாள் ஆகும் என்றேன். "எனக்குத் தெரியும், கம்பளியும் வச்சிருக்கேன், அடியில பாருங்க" என்றாள்.

நவம்பர் 20, வியாழன்

ஒன்றரை அடி. இடுப்பு போயிற்று. கரையிலிருந்து மேஸ்திரி மாதிரி அதிகாரம் வேறு. "டீ ஆத்துற கைக்கு மம்பட்டி கனக்குதோ?"

நவம்பர் 22, சனி

மூன்றே முக்கால் அடி.

குழிக்குள் நின்றுகொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துச் சொன்னேன். "செவ்வந்தி விசயத்துல நான் பேசுனது தப்புடா."

பனி இறங்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. பிறகு அதற்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்த ஓரம் சரியுது பாரு. வழிச்சு எடு."

வழித்து எடுத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

டீச்சர், உங்களுக்கான கணக்கு இது. நீலப் புத்தகத்தையே வாங்குங்கள். ஆனால் எல்லோருடைய புத்தகத்திலும் 112இல் பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: இந்தச் சுனை ஆறு வருஷத்துக்கு முன்பு நான் சொன்ன பொய். இப்போது இருப்பது என் தம்பி தவசி வெட்டியது. நிலா எங்கள் அம்மாவின் திருகைக்கல். இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம். ராயப்பனுக்கும் எழுதிவிடுங்கள், என் பெயரைப் போட்டே எழுதுங்கள். அந்தப் பக்கத்தை அவர் எடுத்துவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு வழி தெரியும்.

மத்தியானம் தவசிக்குப் போன் வந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு சத்தமாகப் பேசினான்.

"நல்லா இருக்கேன்த்தா... கால்தான்... ஆமா, தைலம் போட்டாரு... யாரா? பெரியப்பாதான்... இங்கதான் இருக்காரு, குழிக்குள்ள நிக்கிறாரு... நெசமாத்தான் சொல்றேன், சொனை வெட்டுறாரு."

போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தான். "நம்ப மாட்டேங்குறாண்ணே. நான் வெளாடுறேங்கறா. நீயே பேசு."

கையெல்லாம் சேறு. வேட்டியில் துடைத்தேன். போகவில்லை, தண்ணீரில் கழுவினேன். அவன் போனை நீட்டிக்கொண்டே இருந்தான். வாங்கினேன்.

"பெரியப்பா?" என்றாள்.

என்ன பேசினோம் என்று இதில் எழுத மாட்டேன் டீச்சர். நீங்கள் கேட்டது புத்தகத்தைப் பற்றி மட்டும்தான்.

நவம்பர் 26, புதன்

பதினெட்டு அடி. இன்றைக்கு வெயில்.